அடங்காத அழற்சியும் ஆறாத மன அழுத்தமும்: வன்னியில் உணவையும் உடல் அசைவையும் மாற்றப் புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

அழற்சி என்பது தன்னளவில் ஒரு நோயன்று. காலில் முள் ஏறினால் அந்த இடம் சிவந்து வீங்கிச் சூடேறி நோவதும், கிருமி புகுந்தால் காய்ச்சல் அடிப்பதும் உடல் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் வேலை. அந்த வேலை முடிந்ததும் சில நாட்களில் அது அடங்கிவிடும். வயலுக்குத் தண்ணீர் போதுமான பின்பும் குளத்துத் துருசு மூடப்படாமல் கிடந்தால் பயிர் அழுகுவதைப்போல, அடங்க வேண்டிய அழற்சி மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் மெல்லிய அளவில் தொடரும்போதுதான் கேடு தொடங்குகிறது. அப்போது வெளியே வீக்கமோ சிவப்போ தெரியாது. உள்ளே இரத்தக் குழாய்களின் சுவரில் கொழுப்புப் படிவது விரைவடையும், இன்சுலின் தன் வேலையைச் சரிவரச் செய்யாது, களைப்பும் உடம்பு உளைவும் காரணமின்றித் தொடரும். நீரிழிவு, இதய நோய், கொழுப்பேறிய ஈரல் ஆகிய மூன்றுக்கும் பின்னால் இந்த நாட்பட்ட அழற்சி இருக்கிறது.

மன அழுத்தம் இதில் எங்கே வந்து சேர்கிறது என்று கேட்கலாம். அச்சமோ கவலையோ ஏற்படும்போது சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் சுரப்பிகள் கோர்ட்டிசோல் என்னும் ஓமோனைச் சுரக்கின்றன. குறுகிய காலத்தில் அது அழற்சியைக் கட்டுப்படுத்தும். ஆனால் கவலை ஓயாமல் நீடித்தால், நோயெதிர்ப்புக் கலங்கள் அந்த ஓமோனின் கட்டளைக்குச் செவிசாய்ப்பதைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்கின்றன. அதன் விளைவாக அழற்சியை அடக்குவதற்கு ஆளில்லாமல் போகிறது. நித்திரை கெடுவதும், இனிப்பையும் பொரியலையும் நாக்குத் தேடுவதும், வயிற்றைச் சுற்றிக் கொழுப்புச் சேர்வதும் இதன் தொடர்ச்சியே. வயிற்றுக்குள் சேரும் அந்தக் கொழுப்பு வெறுமனே கிடப்பதில்லை, அதுவும் அழற்சியைத் தூண்டும் பொருட்களைச் சுரந்துகொண்டிருக்கிறது.

போர் முடிந்த 2009க்குப் பின் மக்கள் மீள்குடியேறிய, இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில் மன அழுத்தம் என்பது அலுவலக வேலைப்பளு மட்டுமல்ல. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைத் தேடும் தாய்க்கும், நுண்நிதிக் கடனின் கிழமைத் தவணைக்கு வழி தேடும் பெண்ணுக்கும் வல்லாரைச் சம்பல் தீர்வாகாது. அது தீர்வு என்று சொல்லுகிற எவரையும் நம்ப வேண்டாம். உணவாலும் உடல் அசைவாலும் செய்யக்கூடியது வேறு: சுமையை இறக்க முடியாத காலத்திலும் அதைச் சுமக்கும் உடல் இற்றுப் போகாமல் பார்த்துக்கொள்ளலாம். இவ்வழிகாட்டி அந்த அளவோடு நிற்கிறது. கீழே சொல்லப்படும் மாற்றங்களை ஒரே நாளில் தொடங்காமல், ஒன்று பழகிய பின் அடுத்ததற்குப் போவது நல்லது. செலவு குறைந்ததும் பயன் உறுதியானதும் முதலில் வரும்படியே இந்த வரிசை அமைக்கப்பட்டுள்ளது.

முதலில் ஒரு சோதனை

எதையும் மாற்றுமுன் அருகிலுள்ள அரச மருத்துவமனைக்குச் சென்று இரத்த அழுத்தம், வெறுவயிற்றுச் சீனி, கொலஸ்திரோல், கிரியற்றினின் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெறுவயிற்றுச் சீனி டெசிலீற்றருக்கு 100 முதல் 125 மில்லிகிராம் வரை இருந்தால் நீரிழிவின் வாசலில் நிற்கிறீர்கள் என்றும், 126 அல்லது அதற்கு மேல் மீண்டும் ஒருமுறை வந்தால் நீரிழிவு என்றும் பொருள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினினை இங்கே குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் சில பகுதிகளில் காரணம் உறுதிப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் காணப்படுகிறது. அது முற்றும்வரை பலருக்குத் தெரிவதில்லை. சிறுநீரகம் பழுதடைந்தவருக்குக் கீரை, வாழைப்பழம், இளநீர் போன்ற பொட்டாசியம் மிகுந்த உணவுகள் ஆபத்தாகலாம். ஆகவே பின்னால் சொல்லப்படும் உணவு ஆலோசனைகளை அவர்கள் மருத்துவரைக் கேட்டே ஏற்க வேண்டும்.

அழற்சியின் அளவைக் காட்டும் சோதனைக்குச் சி.ஆர்.பி. என்று பெயர். அதன் நுண்ணிய வகையில் லீற்றருக்கு 1 மில்லிகிராமுக்குக் குறைவாக இருப்பது இதய நோயைப் பொறுத்தவரை நல்ல நிலை, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3க்கு மேல் அபாயம் கூடிய நிலை. எல்லாருக்கும் இச்சோதனை தேவையில்லை. துணி தைப்பவரின் நாடா ஒன்று பெரும்பாலும் போதும்: தொப்புள் மட்டத்தில் இடுப்பை அளந்து, ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரையும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரையும் தாண்டினால் தெற்காசிய உடல்வாகுக்கு அது கூடுதலானது என்று கொள்ளலாம்.

காலையில் விரல் மூட்டுகள் அரை மணி நேரத்துக்கு மேல் விறைத்து நின்றாலோ, மூட்டுகள் வீங்கியிருந்தாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ, நாட்கணக்கில் காய்ச்சல் விடாமல் இருந்தாலோ அதைச் சாப்பாட்டால் சரிசெய்ய முயலக் கூடாது. சிக்கன்குன்யா வந்துபோனவர்களுக்கு மாதக்கணக்கில் நிற்கும் மூட்டு நோவும் மருத்துவரிடம் காட்ட வேண்டியதே.

தேநீரிலிருந்து தொடங்குங்கள்

உணவு மாற்றம் என்றதும் பலர் சோற்றைக் குறைப்பதைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள். முதலில் கைவைக்க வேண்டியது தேநீர்க் கோப்பையில். ஒரு தேக்கரண்டிச் சீனி ஏறத்தாழ 4 கிராம். கோப்பைக்கு இரண்டு கரண்டி வீதம் நாளுக்கு ஐந்து தேநீர் குடிப்பவர் 40 கிராம் சீனியை அதிலேயே உட்கொண்டுவிடுகிறார். உலக சுகாதார நிறுவனம் விரும்பத்தக்க எல்லையாகக் காட்டும் அளவு நாளுக்கு ஏறத்தாழ 25 கிராம். அதற்குமேல் பிஸ்கற், பணிஸ், சோடா என்று சேர்வது வேறு கணக்கு.

ஒரேயடியாக நிறுத்தினால் நாக்கு அடம்பிடிக்கும். கரண்டியில் கால்வாசி வீதம் இரண்டு கிழமைக்கு ஒருமுறை குறைத்து வந்தால், மூன்று நான்கு மாதங்களில் வெறுந்தேநீர் இயல்பாகிவிடும். கையில் ஒரு கடி பனங்கட்டி வைத்துக்கொண்டு குடிக்கும் பழைய வழக்கம் இடைக்காலத்துக்கு உதவும். ஆயினும் பனங்கட்டியும் சீனியே என்பதை மறக்கக் கூடாது. நீரிழிவு உள்ளவர்களுக்கு அது மருந்து என்ற பேச்சு தவறானது.

தேநீரோடு வரும் சிற்றுண்டியையும் பார்க்க வேண்டும். கடைகளின் கண்ணாடிப் பெட்டிகளில் இருக்கும் வடையும் ரோல்ஸும் பெரும்பாலும் பலமுறை சூடேறிய எண்ணெயில் பொரிந்தவை. அப்படி மீண்டும் மீண்டும் காய்ந்த எண்ணெயில் உருவாகும் பொருட்கள் அழற்சியை நேரடியாகத் தூண்டுகின்றன. அவித்த கௌபி, அவித்த கச்சான், கொய்யாப்பழம், பப்பாப்பழம், கோடையில் காட்டோரம் கிடைக்கும் பாலைப்பழம் ஆகியவை அந்த இடத்தை நிரப்பும். ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்புப் பக்கத்தில் விளையும் கச்சானை ஒரு கைப்பிடி அளவில் உண்பது நல்லது. பூஞ்சணம் பிடித்ததையோ கசப்பதையோ துப்பிவிட வேண்டும், அதில் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு இருக்கலாம்.

சோற்றுத் தட்டை மாற்றி அடுக்குதல்

இந்தப் படிதான் எல்லாவற்றிலும் பெரியது. நம் தட்டில் சோறு மலையாகவும் கறிகள் அதன் ஓரத்திலும் இருப்பது வழக்கம். தட்டின் பாதியை மரக்கறியும் கீரையும், கால்வாசியைச் சோறும், எஞ்சிய கால்வாசியை மீனோ பருப்போ முட்டையோ பிடிக்கும்படி அடுக்குங்கள். முதலில் கீரை வறையையும் மரக்கறியையும் சிறிது சாப்பிட்டுவிட்டுப் பின்னர் சோற்றுக்கு வந்தால், உணவுக்குப் பின் இரத்தத்தில் சீனி ஏறும் வேகம் குறையும்.

அரிசியைப் பொறுத்தவரை வன்னி விவசாயிக்கு ஒரு வசதி உண்டு, ஆனால் அதை அவரே கைவிட்டுவருகிறார். காலபோகத்தில் விளைந்த நெல்லை முழுவதும் விற்றுவிட்டு, ஆண்டு முழுவதும் கடையில் தீட்டிய வெள்ளை அரிசியை வாங்கி உண்ணும் வீடுகள் ஏராளம். வீட்டுத் தேவைக்கு நெல்லை ஒதுக்கி, அவித்து, தவிடு முழுவதும் போகாமல் ஆலையில் குத்துவித்து எடுத்தால் நார்ச்சத்தும் பி வகை விற்றமின்களும் தட்டில் நிற்கும். சிவப்பு நாட்டரிசி கிடைத்தால் இன்னும் நல்லது. கிழமைக்கு இரண்டு நாள் குரக்கன் பிட்டு, ஒடியல் பிட்டு, சாமைச் சோறு என்று மாற்றிக்கொள்ளலாம். குரக்கன் நூறு கிராமில் முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் உண்டு. ஆனாலும் அதுவும் மாப்பொருளே, ஆதலால் அளவு பார்த்தே உண்ண வேண்டும்.

நார்ச்சத்துக்கு இவ்வளவு இடம் கொடுப்பது மலச்சிக்கலுக்காக மட்டுமல்ல. பெருங்குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்கள் அந்த நாரை நொதிக்கச் செய்து சிறுசங்கிலிக் கொழுப்பமிலங்களை உண்டாக்குகின்றன. அவை குடற்சுவரின் கலங்களுக்கு உணவாகி, குடலிலிருந்து கழிவுப் பொருட்கள் இரத்தத்துக்குள் கசிவதைத் தடுக்க உதவுகின்றன. பயறு, கௌபி, உழுந்து, கீரை, முருங்கைக்காய், வாழைப்பூ, தோலோடு உண்ணும் பழங்கள் எல்லாம் இதற்கு உதவும். இரவுச் சோற்றில் தண்ணீர் ஊற்றிவைத்து, காலையில் மோரும் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்த்துக் கரைக்கும் பழஞ்சோறும் இந்த வகையில் நல்ல உணவே. உப்பை மட்டும் அளவோடு போட வேண்டும். ஒரு நாளுக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் உப்பு அடங்க வேண்டும் என்பது விதி. கருவாடும் ஊறுகாயும் சேரும் நாளில் அந்தக் கணக்கு எளிதில் உடைந்துவிடும்.

கீரைக்குச் சந்தைக்குப் போக வேண்டியதில்லை. வேலியில் முருங்கையும் முசுட்டையும், கிணற்றடியில் பொன்னாங்காணியும் வல்லாரையும் நின்றால் ஒரு குடும்பத்துக்குப் போதும். முருங்கையிலை வறையிலும் வல்லாரைச் சம்பலிலும் தேசிக்காய்ப் புளி விட்டால் அவற்றிலுள்ள இரும்புச்சத்து உடலில் கூடுதலாகச் சேரும். புல்லுக்கு மருந்தடித்த வயலின் கழிவு வாய்க்காலில் நிற்கும் வல்லாரையைப் பிடுங்க வேண்டாம்.

மீனில் விலை கூடியது சிறந்தது என்ற எண்ணம் இருக்கிறது. அழற்சியைத் தணிக்கும் ஒமேகா-3 கொழுப்பு சூடை, கீரி, நெத்தலி போன்ற எண்ணெய்ப்பற்றுள்ள சிறுமீன்களில் நிறைய உண்டு. முல்லைத்தீவுக் கரையில் அவை வலைக்கு வரும் காலத்தில் அறக்குளாவின் விலையில் சிறு பங்குக்கே கிடைக்கும். கிழமைக்கு இரண்டு மூன்று முறை குழம்பாகவோ அவியலாகவோ சமைத்தால் போதுமானது. பொரித்தால் பயன் குறையும். தேங்காய்ப்பாலை விலக்கச் சொல்லுவது இந்த மண்ணில் நடக்காத காரியம், அவசியமும் இல்லை. இரண்டாம் பாலில் சொதி வைத்து, முதற்பாலைக் குறைத்தால் போதும். கெட்ட கொலஸ்திரோல் கூடியவர்கள் அதையும் மட்டுப்படுத்த வேண்டும். தாளிப்புக்கு நல்லெண்ணெய் ஏற்றது, அதன் பெரும்பகுதி நிறைவுறாக் கொழுப்பு.

மஞ்சளைப் பற்றி ஒரு சொல். அதிலுள்ள குர்க்குமின் அழற்சியைத் தணிக்கும் என்பதற்கு ஆய்வுகள் உண்டு. ஆனால் மஞ்சள் தூளில் அது நூற்றுக்கு மூன்று பங்களவே இருக்கும், உடலில் எளிதில் சேரவும் மாட்டாது. மிளகோடும் கொழுப்போடும் சேரும்போது ஓரளவு கூடுதலாகச் சேரும். கறியில் போடும் மஞ்சள் நல்ல பழக்கம் என்பதற்கு மேல் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். அதிக அளவுள்ள குர்க்குமின் குளிசைகளால் சிலருக்கு ஈரல் பாதிக்கப்பட்டிருக்கிறது, இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவர்களுக்கு அவை ஆகவே ஆகாது. வெளிநாட்டு உறவினர் அனுப்பும் மாப்பொதிகளுக்கும் மாத்திரைப் போத்தல்களுக்கும் செலவாகும் பணத்தில் ஒரு வீடு மாதம் முழுவதும் சிறுமீன் வாங்கலாம்.

வெற்றிலை, பாக்கு, புகையிலை, சிகரெட், சாராயம் ஆகியவற்றை விடாமல் மேலே சொன்னவற்றைச் செய்தால் முழுப் பயன் கிடைக்காது. வெற்றிலையும் பாக்கும் புகையிலை இல்லாமலே வாய்ப் புற்றுநோயை உண்டாக்குபவை. பல் முரசு வீங்கி இரத்தம் கசிவதும் உடலெங்கும் அழற்சியைக் கூட்டும் ஆதலால் பல் மருத்துவரைப் பார்ப்பதும் இந்தப் படியில் அடங்கும்.

உடலை அசைத்தல்

வயலில் முதுகு முறிய வேலை செய்பவனுக்கு உடற்பயிற்சி எதற்கு என்ற கேள்வி நியாயமானது. ஆனால் உழுவது உழவு இயந்திரம், வெட்டுவது இயந்திரம், கடைக்குப் போவது மோட்டார் சைக்கிள் என்றான பின், வயல் வேலை ஆண்டில் சில கிழமைகளில் குவிந்து மற்றக் காலங்களில் ஓய்ந்துவிடுகிறது. ஆடைத் தொழிற்சாலையில் நாள் முழுதும் தையல் இயந்திரத்தின் முன் இருக்கும் பெண்களின் நிலை அதைவிட மோசம். குனிந்து சுமை தூக்கும் வேலை ஒரே மூட்டையும் ஒரே தசையையும் தேய்க்கிறது, நிதானமான நடையின் பயனைத் தருவதில்லை.

தசைகள் சுருங்கி விரியும்போது அவை அழற்சியை அடக்கும் பொருட்களை இரத்தத்தில் விடுகின்றன. எடை குறையாவிட்டாலும் இந்தப் பயன் கிடைக்கும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரையின்படி வளர்ந்தவர்கள் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான வேகத்தில் உடலை இயக்க வேண்டும், இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி செய்ய வேண்டும். மிதமான வேகம் என்றால் பக்கத்தில் வருபவரோடு கதைக்க முடியும், பாட முடியாது என்ற அளவு.

புதிதாகத் தொடங்குபவர் மூன்று வேளை உணவுக்குப் பின்னும் பத்து நிமிடம் வளவுக்குள் நடந்தால் போதும். உணவு முடிந்த உடனே நடக்கும் நடை, இரத்தச் சீனியை இறக்குவதில் வேறு நேரத்து நடையைவிடப் பயன் கூடியது. இரண்டு மூன்று கிழமை பழகிய பின் மாலையில் அரை மணி நேரமாக நீட்டலாம். கதிரையிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்து இருத்தல், சுவரில் கைவைத்துத் தள்ளுதல், குதிக்காலை உயர்த்தி இறக்குதல் ஆகிய மூன்றும் வலுவூட்டும் பயிற்சிக்குத் தொடக்கமாகும். காலை இழந்தவர்களும் சக்கரநாற்காலியில் இருப்பவர்களும் அமர்ந்தபடியே கைகளை உயர்த்தி இறக்குவதையும், தண்ணீர் நிரப்பிய போத்தல்களைத் தூக்குவதையும் மூச்சு வாங்கும் அளவுக்குச் செய்யலாம். செயற்கைக் கால் அணிந்திருப்பவர் நடையைக் கூட்டும்போது எஞ்சிய காலின் நுனித் தோலை நாளாந்தம் பார்த்துப் புண் வராமல் காக்க வேண்டும். உடலில் இன்னும் போர்க்காலச் சன்னங்கள் (குண்டுத் துண்டுகள்) இருப்பவர்கள் பயிற்சிக்கு முன் மருத்துவரின் சொல்லைக் கேட்க வேண்டும்.

நேரமும் இடமும் முக்கியம். பங்குனி முதல் புரட்டாதி வரை வெயில் ஏறிய பின் நடக்க வேண்டாம். யானை நடமாடும் நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் போன்ற பக்கங்களில் விடியற்கருக்கலிலும் மம்மலிலும் தனியே குளக்கட்டுக்குப் போகாமல் வெளிச்சம் வந்த பின் கூட்டாகப் போங்கள். ஏ-9 போன்ற வீதிகளில் எதிரே வரும் வாகனம் தெரியும்படி வலப்பக்கமாக நடக்க வேண்டும். மிதிவெடி அறிவிப்புப் பலகை நிற்கும் காணிகளுக்குள்ளும் நடமாட்டமில்லாத பற்றைகளுக்குள்ளும் குறுக்கு வழி தேடக் கூடாது.

மூச்சும் நித்திரையும்

நாலு வினாடி மூச்சை உள்ளெடுத்து, ஆறு வினாடி மெதுவாக வெளிவிட்டால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். நாளுக்கு ஐந்து நிமிடம் இப்படிச் செய்தால் இதயத்தை ஆறுதலாக்கும் நரம்பு தூண்டப்பட்டு, நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் சற்று இறங்கும். கண்ணை மூடினால் பழைய காட்சிகள் வந்து நெஞ்சு படபடப்பவர்கள் கண்ணைத் திறந்தபடி, பாதங்களை நிலத்தில் பதித்து, முன்னால் தெரியும் மரத்தைப் பார்த்துக்கொண்டு செய்ய வேண்டும். அப்படியும் முடியாவிட்டால் இந்தப் பயிற்சியை விட்டுவிட்டு நடையை மட்டும் தொடருங்கள், குறையொன்றும் இல்லை. மாவட்ட மருத்துவமனைகளின் உளநலப் பிரிவுக்குப் போவதும், தேசிய உளநல உதவி இலக்கமான 1926ஐ அழைப்பதும் இதே வழிகாட்டியின் பகுதிகளே. வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் அவற்றை முதற்படியாகக் கொள்ள வேண்டும்.

ஏழு மணி நேர நித்திரைக்குக் குறைந்தால் அழற்சி கூடலாம். மாலை நாலு மணிக்குப் பின் தேநீரைத் தவிர்ப்பதும், கைபேசியைப் படுக்கைக்கு வெளியே வைப்பதும் முதல் வேலை. யானைக்கும் பன்றிக்கும் இரவில் வயற்காவல் இருப்பவர்கள் அயலவரோடு முறை வைத்து மாறி மாறிக் காத்து, பகலில் இருட்டான அறையில் விட்ட நித்திரையைக் கொள்ள வேண்டும்.

மருந்துகளில் கவனம்

உணவும் நடையும் தொடங்கியதும் மருந்தை நிறுத்துவது ஆபத்து. நீரிழிவுக்குக் குளிசையோ இன்சுலினோ எடுப்பவர் சோற்றைக் குறைத்து நடையைக் கூட்டும்போது சீனி மிகவும் இறங்கி வியர்வையும் நடுக்கமும் வரலாம். நடக்கும்போது சட்டைப்பையில் குளுக்கோசோ இனிப்போ இருக்கட்டும், மருந்தின் அளவைக் குறைப்பதை மருத்துவர் தீர்மானிக்கட்டும். உடம்பு உளைவுக்குக் கடையில் நோவுக் குளிசை வாங்கி நாள்தோறும் போடும் பழக்கம் வன்னியில் பரவலாக உண்டு. டைக்ளோபினாக், ஐபுபுரோபன் போன்றவை அழற்சியைத் தணிப்பவையே எனினும், வெயிலில் வேலை செய்து நீரிழந்த உடலில் அவை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிறுநீரக நோய் பரவியுள்ள பகுதிகளில் மருத்துவரின் சொல்லின்றி அவற்றைத் தொடவே கூடாது.

மூன்று மாதத்தின் பின்

இடுப்புச் சுற்றளவையும் இரத்த அழுத்தத்தையும் மாதம் ஒருமுறை ஒரு கொப்பியில் குறித்துவாருங்கள். உடல் எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு குறைந்தாலே, பருமன் கூடியவர்களில் அழற்சியின் அளவு குறைவதைக் காண முடியும். விதைப்பும் மழையும் சேர்ந்து வரும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நடை தடைப்படுவது இயல்பு. அக்காலத்தில் கதிரைப் பயிற்சியையும் விறாந்தை நடையையும் விடாமல் செய்தால் போதும். வெள்ளத்தில் நின்று வேலை செய்பவருக்கு வரும் காய்ச்சலை உடல் உளைவு என்று எண்ணி வீட்டில் வைத்திருக்க வேண்டாம், எலிக்காய்ச்சலாக இருக்கக்கூடும்.

மூன்று மாதம் கழித்து இரத்தச் சோதனைகளை மீண்டும் செய்யலாம். சி.ஆர்.பி. சோதனைக்குப் போகும் நாளில் தடிமன், காய்ச்சல், பல் வீக்கம், காலில் புண் எதுவும் இருந்தால் அதைத் தள்ளிப்போட்டு, அது ஆறி இரண்டு கிழமை சென்ற பின் இரத்தம் கொடுங்கள். இல்லாவிட்டால் அந்தச் சிறு நோயால் ஏறிய 10க்கு மேற்பட்ட எண்ணைப் பார்த்து, மூன்று மாத முயற்சி வீணாகிவிட்டது என்று தவறாக எண்ண நேரும்.